உதிரிபாகங்களில் ஒரு வேட்டை ரைஃபிள்: அதில் எந்தப் பாகம் ‘துப்பாக்கி’?

வரிசை எண் இல்லாத ‘கோஸ்ட் கன்’ துப்பாக்கிகள் குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 அன்று தீர்ப்பு சொன்னது. உதிரிபாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கப்படும் துப்பாக்கிகளையும் அரசு கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதே நாட்டில் ஒருவர் குழலை ஒரு கடையிலிருந்தும், மரக்கட்டையை இன்னொரு கடையிலிருந்தும் தபாலில் வரவழைத்து, வீட்டுக் கார் ஷெட்டில் வைத்து மான் வேட்டைக்கு ஒரு ரைஃபிளைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்காது. ஒன்று கூடும், மற்றது கூடாது என்றால் கோடு எங்கே விழுகிறது?

சட்டத்தைக் கேட்டால் ஒரே ஒரு பாகத்தைத் தொட்டுக் காட்டி, ‘இதுதான் துப்பாக்கி’ என்கிறது. வெடிமருந்தைக் கேட்டால் வேறு இடத்தைக் காட்டுகிறது. செய்திகளில் வரும் குழப்பம் முழுக்க முதல் பதிலைச் சுற்றியது. ஆட்களுக்குக் கண்ணும் கையும் போவது இரண்டாவதைக் கவனிக்காததால். இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதே இதை எழுதக் காரணம்.

பிரித்துப் போட்டால் என்ன இருக்கும்?

வேட்டைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ‘போல்ட் ஆக்‌ஷன்’ ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை உயர்த்தி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை இது. மேசையில் பிரித்து வைத்தால் முக்கியமாக ஐந்து பாகங்கள்.

1. ரிசீவர். நடுவில் இருக்கும் எஃகு உடல். மற்ற எல்லாம் இதில்தான் வந்து பொருந்தும்.
2. போல்ட். ரிசீவருக்குள் முன்னும் பின்னும் ஓடும் உருளை. கதவுக்குத் தாழ்ப்பாள் போல, தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டுவது இதன் வேலை.
3. குழல். உள்ளே சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அதன் பின்முனையில், தோட்டா உட்காரும் குழி இருக்கிறது. அதற்குப் பெயர் சேம்பர்.
4. ட்ரிக்கர் தொகுதி.
5. ஸ்டாக் எனப்படும் கட்டை. தோளில் அணைத்துக்கொள்ளும் மரம் அல்லது ஃபைபர் உடல்.

ஒரு சொல்லை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழில் தோட்டா, குண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். பறந்து போவது குண்டு மட்டும். பித்தளைக் கூடு சேம்பரிலேயே தங்கிவிடும். பின்னால் பேசப்போகும் ஆபத்து பெரும்பாலும் அந்தப் பித்தளைக் கூட்டைப் பற்றியதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் ஊரில் பவுல் மவுசர் வடிவமைத்து, 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள்தான் இன்றைய பெரும்பாலான வேட்டை ரைஃபிள்களுக்கு மூதாதை. அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளே மவுசரின் காப்புரிமைகளைத் தொட்டதால், அமெரிக்க அரசு அவருடைய நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

இரண்டு உலகப் போர்களும் முடிந்த பிறகு இந்த ராணுவ ரைஃபிள்கள் மலிவு விலையில் குவிந்தன. போர்வீரர்கள் கையோடு கொண்டுவந்தவையும் ஏராளம். நீண்ட ராணுவக் கட்டையைக் கழற்றிவிட்டு வால்நட் மரத்தில் புதுக் கட்டை போடுவது, கனமான குழலை மாற்றுவது, மேலே தொலைநோக்கி பொருத்துவது என்று அவற்றை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றும் கைத்தொழில் ஒன்று வளர்ந்தது. ‘ஸ்போர்ட்டரைஸ்’ செய்வது என்று அதற்குப் பெயர்.

போர்க்காலச் சரக்கு தீர்ந்தபின் இரண்டு தொழிற்சாலை ரைஃபிள்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஒன்று 1962-இல் வந்த ரெமிங்டன் 700. அதன் ரிசீவர் உருண்டையானது, லேத்தில் கடைவதற்கு எளிது. அதனால் கன்ஸ்மித்துகள், அதாவது துப்பாக்கி செய்து பழுதுபார்க்கும் தொழிலாளர்கள், அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று 1958-இல் வந்த சாவேஜ் 110. மற்ற ரைஃபிள்களில் குழலின் தோள் ரிசீவரில் முட்டும்வரை திருகி இறுக்குவார்கள். சாவேஜில் குழலை ஒரு பூட்டு நட்டு பிடித்து நிறுத்தும். உற்பத்திச் செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. லேத் இல்லாத வீட்டுக்காரரும் குழல் மாற்றலாம் என்ற நிலை அதனால் பின்னாளில் வந்தது.

கடையில் முழுத் துப்பாக்கியே கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். இடதுகைக்காரர்களுக்கு ஏற்ற ரைஃபிள் கடைகளில் குறைவு. மலை ஏறி வேட்டையாடுபவருக்கு எடை குறைய வேண்டும். சில இடங்களில் சட்டமே ஆளை இந்தப் பக்கம் தள்ளுகிறது. ஒஹாயோவில் மான் வேட்டைக்கு இத்தகைய ரைஃபிள்களுக்கு நெடுங்காலம் அனுமதி இல்லை, பெரும்பாலும் ஷாட்கன்தான். சமவெளியில் ரைஃபிள் குண்டு வெகுதூரம் போய் யாரையாவது தாக்கிவிடும் என்ற பயம். 2014 முதல், கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு மட்டும் அங்கே அனுமதி கிடைத்தது. அந்தத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைத் தேடிப் பலர் தங்கள் பழைய ரைஃபிளை மாற்றத் தொடங்கியது இயல்பாக நடந்த விஷயம்.

மரக்கட்டைக்கும் ஒரு காரணம் உண்டு. மிச்சிகனில் நவம்பர் 15-ஆம் தேதி மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது மழையும் பனியும் மாறி மாறி வரும். ஈரத்தில் மரம் ஊதி, குழலின் பக்கவாட்டில் அழுத்தினால், செப்டம்பரில் சரிபார்த்து வைத்த குறி நவம்பரில் தவறிவிடும். குழல் கட்டையைத் தொடாமல் மிதக்கும்படி இடைவெளி விட்டு அமைப்பது இதற்காகத்தான்.

சட்டம் தொட்டுக் காட்டும் பாகம்

அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி என்பதற்குள் அதன் எந்தப் பாகத்தையும் சேர்த்தது. திருகு, ஸ்பிரிங் வரை எல்லாமே துப்பாக்கி என்றால் எதையும் கண்காணிக்க முடியாது என்பது நடைமுறையில் தெரிந்தது.

1963-இல் ஜான் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், தொலைநோக்கியுடன் 19.95 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்யப்பட்ட இத்தாலிய ராணுவ மிச்சம். பொய்ப் பெயரில் தபாலில் வாங்கியது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் தனிநபருக்குத் துப்பாக்கி அனுப்புவது நின்றது. தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட வேண்டும் என்றானது. பாகங்கள் விஷயத்தில், ‘ஃப்ரேம் அல்லது ரிசீவர்’ மட்டும் துப்பாக்கி என்று சட்டம் சுருங்கியது.

இந்த ஒரு வரியிலிருந்து வரும் விளைவுகள்:

1. வெறும் ரிசீவர், அதாவது ஒரு எஃகுத் துண்டு, சட்டப்படி முழுத் துப்பாக்கி. உரிமம் பெற்ற வியாபாரியிடம் படிவம் நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கைக்கு வரும்.
2. குழல், போல்ட், ட்ரிக்கர், கட்டை இவற்றைக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியாகப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலுக்கே தபாலில் வந்துவிடும்.
3. முழு ரைஃபிளை வியாபாரியிடம் வாங்க 18 வயது போதும். வெறும் ரிசீவருக்குச் சட்டத்தின் வாசகப்படி 21 வேண்டும். அது இன்னும் ரைஃபிளாகவில்லை, கைத்துப்பாக்கியாகவும் மாறலாம் என்பது காரணம்.
4. தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. செய்து விற்பதைத் தொழிலாக நடத்தினால் உரிமம் வேண்டும். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர் போன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை உள்ளவர்கள், தாமே செய்ததானாலும் வைத்துக்கொள்ள முடியாது.
5. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அந்த ரைஃபிள், இயந்திரத் துப்பாக்கி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போய்விடும். அதற்குரிய 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் இல்லை. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பதிவு செய்யும் கடமை அப்படியே இருக்கிறது. குழலை அளவு தெரியாமல் வெட்டிவிட்டு மாட்டிக்கொள்பவர் செய்திருப்பது சிறிய தவறு கிடையாது.

இதற்கு மேல் மாநிலச் சட்டங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 2018 ஜூலை முதல், வீட்டில் செய்பவரும் அரசிடம் வரிசை எண் பெற்றுப் பொறித்தாக வேண்டும்.

‘பாதி முடிந்த’ ரிசீவரும் நீதிமன்றமும்

சரி, ரிசீவர்தான் துப்பாக்கி என்றால், ஒரு உலோகக் கட்டி எந்த நிமிடத்தில் ரிசீவர் ஆகிறது? கோஸ்ட் கன் வழக்கு இந்தக் கேள்வியில்தான் பிறந்தது. சில நிறுவனங்கள் வேலை முடியாத ரிசீவரையும் மீதிப் பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றன. ‘இது இன்னும் ரிசீவர் ஆகவில்லை, ஆகவே சோதனையும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்’ என்பது அவர்களின் வாதம். குற்ற விசாரணையில் சிக்கி, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அரசுக்கு அனுப்பப்பட்ட இத்தகைய துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கு மேல். எண் இல்லாததால் தடம் பிடிக்க வழியே கிடையாது.

2022-இல் கூட்டாட்சித் துப்பாக்கித் துறை புது விதி கொண்டுவந்தது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பெட்டியும், எளிதில் முடிக்கக்கூடிய ரிசீவரும் துப்பாக்கியே என்றது அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 7-2 என்ற பெரும்பான்மையில் நீதிபதி நீல் கோர்சச் எழுதிய தீர்ப்பு, அன்றாடப் பேச்சிலிருந்தே காரணம் சொல்கிறது. எழுதி முடிக்காத கையெழுத்துப் பிரதியையும் ‘என் நாவல்’ என்று சொல்கிறோம். பிரித்த பலகைகளாகப் பெட்டியில் வந்திருக்கும் மேசையையும் ‘மேசை வாங்கினேன்’ என்றுதான் சொல்கிறோம். துப்பாக்கிப் பெட்டியையும் அப்படிப் பார்க்கலாம்.

இந்தத் தீர்ப்பு எல்லா உதிரிபாகங்களையும் தடுத்துவிட்டதாக நினைப்பது தவறு. விதியை மொத்தமாகச் செல்லாது என்று சொல்ல முடியாது, சில பெட்டிகளாவது சட்டத்துக்குள் வருகின்றன என்ற அளவில்தான் நீதிமன்றம் நின்றது. எண் பொறித்த ரிசீவரை வியாபாரியிடம் முறைப்படி வாங்கி, அதற்குப் புதுக் குழலும் கட்டையும் போடும் மான் வேட்டைக்காரரை இந்தத் தீர்ப்பு தொடவேயில்லை. தலைப்புச் செய்திகளில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

போல்ட் ரைஃபிளில் எது ரிசீவர் என்பதில் சண்டை வந்ததில்லை. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 ரைஃபிள் வகையில் வந்தது. அதன் உடல் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரியும். போல்ட் இருப்பது மேல்பாதியில், ட்ரிக்கரை இழுத்ததும் அடிக்கும் சுத்தி இருப்பது கீழ்பாதியில். பழைய விதி இரண்டையும் உள்ளடக்கிய ஒரே உறையைத்தான் ரிசீவர் என்று வருணித்தது. அரசு கீழ்பாதியைத் துப்பாக்கி என்று நடத்திவந்தாலும், விதியின் சொற்கள் அதற்குப் பொருந்தவில்லை என்று கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி 2019-இல் கருத்துச் சொன்னார். 2022 விதி இந்த ஓட்டையையும் அடைத்தது.

மற்ற நாடுகள் வேறு பாகத்தைத் தொடுகின்றன

ஜெர்மனியில் குழல், போல்ட், சேம்பர், ரிசீவர் எல்லாம் ‘இன்றியமையாத பாகங்கள்’. தனிக் குழல் வாங்கவும் அனுமதி வேண்டும். பிரிட்டனில் அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களுக்கு அனுமதிச் சான்றிதழ் தேவை. வெடிப்பு எங்கே நடக்கிறதோ அந்த இடத்தைச் சட்டமும் பிடித்துக்கொள்கிறது.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறையிலேயே துப்பாக்கியின் பாகங்களும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் வந்துவிடுகின்றன. செய்வது மட்டுமின்றி, மாற்றி அமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் கூட உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. வேட்டையோ 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. எனவே அமெரிக்கக் காணொலியைப் பார்த்துவிட்டு, ‘குழல் மட்டும்தானே’ என்று இங்கே ஒருவர் நினைத்தால் அந்த நினைப்பே தவறு. நம் ஊரில் அந்தக் குழலே ஆயுதம்.

வெடிமருந்து பார்க்கும் இடம்

இனி இரண்டாவது பதில். அமெரிக்காவில் மான் வேட்டைக்கு நூறாண்டாகப் புழங்கும் தோட்டா .30-06. ராணுவத்துக்காக 1906-இல் வந்தது. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்கள் 1926-இல் அமைத்த ‘சாமி’ (SAAMI) என்ற தர அமைப்பு அதற்கு வகுத்திருக்கும் அழுத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. காரின் டயரில் 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். அதைப்போல் ஏறத்தாழ 1,900 மடங்கு, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

அந்த அழுத்தத்தை அடைத்து நிறுத்துவது பித்தளைக் கூடுதான். அது நடக்கும் வரிசை இது:

1. பிரைமர் பற்றி, மருந்து எரியத் தொடங்குகிறது.
2. பித்தளைக் கூட்டின் மெல்லிய முன்பகுதி ஊதி, சேம்பரின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது.
3. கூட்டின் தடித்த அடிப்பகுதி அப்படி ஊதாது. அழுத்தம் அதைப் பின்னால் தள்ளும். போல்ட்டின் முகத்தில் முட்டியதும் நிற்கும்.
4. முட்டுவதற்கு முன் இடைவெளி இருந்தால், முன்பக்கம் சுவரைப் பிடித்திருக்க, பின்பக்கம் நகர, நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும்.

போல்ட்டின் முகத்திலிருந்து, சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடம்வரை உள்ள நீளத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். இது தனியாக ஒரு பாகத்தில் இல்லை. குழல், ரிசீவர், போல்ட் மூன்றும் சேர்ந்தால்தான் இந்த அளவு பிறக்கிறது. ஒவ்வொரு பாகமும் தனித்தனியே குறையில்லாமல் இருந்தும், மூன்றும் சேரும்போது அளவு தப்பலாம். உதிரிபாக ரைஃபிளின் முக்கிய ஆபத்து இங்கே இருக்கிறது. பாகம் விற்றவர் யாரையும் குறை சொல்ல முடியாது, சேர்த்தவருக்குக் கண்ணால் பார்த்தும் தெரியாது.

எவ்வளவு நுட்பமான அளவு என்பதற்கு ஒரு கணக்கு. .308 என்ற இன்னொரு வகைத் தோட்டாவுக்கு, ‘சரி’ என்று சொல்லும் அளவுக்கட்டையும் ‘கூடாது’ என்று சொல்லும் அளவுக்கட்டையும் நீளத்தில் வேறுபடுவது 0.004 அங்குலம், அதாவது 0.1 மில்லிமீட்டர். நாம் எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனம். கன்ஸ்மித் முதல் கட்டையைச் சேம்பரில் வைத்து போல்ட்டை மூடினால் மூட வேண்டும். இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. கடினமாக்கப்பட்ட எஃகில் செய்த இந்த இரண்டு சிறு துண்டுகள் இல்லாமல் குழல் மாற்றும் எவரும், தாளின் கனத்தைக் கைநிதானத்தால் ஊகிக்கிறார்.

தவறு நடந்தால் தடயம் எங்கே தெரியும்? சுட்டு வெளியே விழுந்த பித்தளைக் கூட்டில். அதன் அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான வளையம் தோன்றும். உள்ளே இருக்கும் குழிவை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கூட்டின் வாய்வழியே விட்டு உட்சுவரை மேலிருந்து கீழாக வருடிப் பார்ப்பார்கள். மெலிந்த இடத்தில் நுனி தட்டும். அப்படித் தட்டினால் அந்த ரைஃபிளில் அடுத்த தோட்டா ஏற்றக் கூடாது. அடுத்த கட்டம் கூடு இரண்டாகப் பிளந்து, வெடிமருந்து எரிந்த சூடான வாயு பின்னோக்கி வருவது.

மவுசருக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. 1898 மாதிரியின் போல்ட்டில் வாயு வெளியேறத் துளைகள் உண்டு. போல்ட்டின் பின்முனையில் அகன்ற விளிம்பு ஒன்று, பின்னால் வரும் வாயுவைச் சுடுபவரின் கண்ணிலிருந்து ஒதுக்கிவிடும். முன்னால் இருக்கும் இரண்டு பூட்டுப் பற்களும் உடைந்தால் தாங்கிக்கொள்ளப் பின்னால் மூன்றாவது பல். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அக்கறை இன்று பார்த்தாலும் மனதைத் தொடுகிறது.

பழைய ராணுவ ரைஃபிள்களில் ரிசீவரிலும் போல்ட்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை தருகிறார்கள். எண் ஒத்துப்போனால், அந்த போல்ட் அந்த ரிசீவருக்கென்று சரிபார்த்துப் பொருத்தப்பட்டது என்று பொருள். வேறு ரைஃபிளின் போல்ட்டை வாங்கிப் போட்டால் அது உள்ளே போகும், மூடும், சுடும். ஹெட்ஸ்பேஸ் சரியா என்பது மட்டும் தெரியாது.

இன்னொரு வகை ஆபத்து, பாகங்கள் மிக நன்றாகப் பொருந்துவதாலேயே வருவது. .300 பிளாக்கவுட் என்ற தோட்டா, .223 என்ற சிறிய தோட்டாவுக்கான அதே போல்ட்டிலும், தோட்டாக்களை அடுக்கும் அதே மேகசினிலும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. குழலை மட்டும் மாற்றினால் போதும் என்பது அதன் கவர்ச்சி. இரண்டு குழலும் வைத்திருப்பவர் தோட்டாப் பெட்டியை மாற்றி எடுத்துவிட்டால், 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குண்டுக்கான குழலுக்குள் போக முயலும். ரிசீவர் வெடித்துப்போன நிகழ்வுகள் இதனால் நடந்திருக்கின்றன.

எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்த காலம்

ஹெட்ஸ்பேஸ் சரியாக இருந்தும் ரிசீவரே உடைந்த கதை ஒன்று உண்டு. 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளின் ரிசீவரை அடித்து உருவாக்கும்போது, எஃகு போதிய அளவு சூடாகிவிட்டதா என்பதை உலைக்காரர்கள் அதன் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். அனுபவசாலிகள்தான். ஆனால் வெயில் அடிக்கும் நாளில் செந்தணல் மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று எண்ணி இன்னும் சூடேற்றினார்கள். மேகமூட்டமான நாளில் செய்தது சரியாக இருக்கும், வெயில் நாளில் செய்தது சூடு மிஞ்சி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது.

1917-இல், அமெரிக்கா போரில் இறங்கிய நேரம், சில ரைஃபிள்கள் வெடித்தன. விசாரணையில் உண்மை வெளிவந்தது. அதன் பிறகே வெப்பமானிகள் வந்தன, எஃகைப் பக்குவப்படுத்தும் முறையும் மாறியது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்தவற்றில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்தவற்றில் 285,507-க்குக் கீழும் எண் கொண்ட ரிசீவர்கள் இன்றுவரை ‘லோ நம்பர்’ என்றே அழைக்கப்படுகின்றன. இவற்றில் எது நல்லது, எது கெட்டது என்று சுட்டுப் பார்க்காமல் கண்டறிய நம்பகமான வழியில்லை. பழைய ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிஎம்பி அமைப்பு இவற்றைச் சுட வேண்டாம் என்கிறது.

இவற்றில் பல, அழகான வால்நட் கட்டையும் புதுக் குழலும் பூண்டு வேட்டை ரைஃபிள்களாகிவிட்டன. குற்றத்தைத் தடம் பிடிக்கத்தான் வரிசை எண் என்று இன்று பேசுகிறோம். இந்த ரைஃபிளில் அதே எண்தான் எச்சரிக்கைப் பலகையும். அதை அராவி மெருகேற்றி எடுத்துவிட்டால், அடுத்து வாங்குபவருக்கு எச்சரிக்கையும் போய்விடும்.

முத்திரை வைக்கும் நாடும் வைக்காத நாடும்

லண்டனில் 1637-இல் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், 1813-இல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச் சாலையும் இன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. வழக்கத்துக்கு மேல் மருந்தேற்றிய தோட்டாவைப் போட்டு, ஆளில்லாமல் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவது. ஐரோப்பாவில் பல நாடுகள் பின்பற்றும் விதிப்படி, ரைஃபிளுக்கு இந்தச் சோதனைத் தோட்டாவின் அழுத்தம் அனுமதித்த உச்சத்தைவிட 25 சதவீதமாவது கூடுதல். அங்கே குழலை மாற்றினால் திரும்பவும் சோதனைக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிக் கட்டாயச் சோதனை கிடையாது. சாமி வகுப்பது தன்னார்வத் தரம். தொழிற்சாலைகள் அதைப் பின்பற்றுகின்றன. கார் ஷெட்டில் சேர்த்த ரைஃபிளை யாரும் சோதிப்பதில்லை. ரிசீவருக்குப் பின்னணிச் சோதனை கேட்கும் சட்டம், ஹெட்ஸ்பேஸ் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. என் பார்வையில் இதுதான் பெரிய ஓட்டை. செய்தவருக்கு மட்டும் ஆபத்து என்றால் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ரைஃபிள் அவருக்குப் பிறகும் ஐம்பது ஆண்டு இருக்கும். மகனுக்குப் போகும், பழைய சாமான் விற்பனைக்குப் போகும்.

போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த மவுசர்களையே பாருங்கள். அவை 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். அந்தத் தோட்டா அமெரிக்கக் கடைகளில் அன்று எளிதில் கிடைக்கவில்லை. .30-06-இன் பித்தளைக் கூடோ மலிந்து கிடந்தது, நீளம் 63 மில்லிமீட்டர். ஆகவே பலர் குழலை அப்படியே வைத்துக்கொண்டு, சேம்பரை மட்டும் ஆழமாக்கி, .30-06 கூட்டில் 8 மில்லிமீட்டர் குண்டைச் செருகிச் சுட்டார்கள். 8 எம்எம்-06 என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் குழலில் பொறித்தவர்களும் உண்டு, பொறிக்காமல் விட்டவர்களும் உண்டு.

இன்று அப்படிப் பொறிக்காத ஒன்றை வாங்குபவர் பார்ப்பது ஒரு மவுசர். மவுசர் என்றால் 8 மில்லிமீட்டர் என்று கடையில் தோட்டா வாங்குகிறார். தோட்டா உள்ளே போகும். போல்ட்டின் கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்வதால் சுடவும் சுடும். சேம்பரில் 0.1 மில்லிமீட்டருக்கே கவலைப்பட்ட இடத்தில் இப்போது சில மில்லிமீட்டர் வெற்றிடம்.

யார் செய்தது என்று தெரியாத ரைஃபிளை வாங்கியவர்கள் சுடுவதற்கு முன் கன்ஸ்மித்திடம் கொண்டுபோய் சேம்பரின் அச்சு எடுக்கச் சொல்வது இதனால்தான். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் பிஸ்மத் கலந்த உலோகம் ஒன்று இருக்கிறது. அதை உருக்கிச் சேம்பரில் ஊற்றி, இறுகியதும் தட்டி எடுத்தால், உள்ளே என்ன வெட்டப்பட்டிருக்கிறது என்பது கையில் வந்துவிடும். அதை அளந்து, எந்தத் தோட்டாவுக்கான சேம்பர் என்று உறுதி செய்து, அந்தப் பெயரைக் குழலின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி கன்ஸ்மித் பொறித்துத் தருவார். அதிக நேரம் பிடிக்காத வேலை.